பெஞ்சு வைத்தியம்

1964இல் சிவகாசியில், வெடிச் சத்தத்துக்கு நடுங்குகிறவர்களுக்கு மனவைத்தியம் பார்க்கும் கிளினிக் அது. வாசல் பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் நேசகுமார்.

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்தாள் நர்ஸ் இன்பம்.

"இறங்கலை, சிஸ்டர். தூக்கமும் வரலை."

"எம்புட்டு நாளா?"

"ஒரு வாரமா."

"மனசுல கெடக்குறதைக் கொட்டிருங்க."

நேசகுமார் கொட்டினார். "ஆராய்ச்சிக்குன்னு இருபது பேரைச் சேர்த்தேன். பத்துப் பேருக்கு ரூமுக்குள்ள ஆறு மாசம் வைத்தியம் பார்த்தேன். மத்தப் பத்துப் பேருக்கு வைத்தியமே கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்காகச் சும்மா இந்தப் பெஞ்சுல உக்கார வச்சேன். இப்போ என்னோட பத்துப் பேரும் ஊசிப்பட்டாசுக்கே ஓடுறாக. பெஞ்சுல இருந்தவுக அணுகுண்டு கொளுத்துறாக! நானெல்லாம் ஒரு டாக்டரா?"

இன்பம் நெளிந்தாள். "வந்தவுகளைச் சும்மா உக்கார வைக்க எனக்கு மனசு கேக்கலை, டாக்டர். தினமும் இப்படித்தான், சாப்பிட்டீகளான்னு ஆரம்பிச்சுப் பேசிக்கிட்டு இருந்தேன்."

நேசகுமாருக்கு ஒரு வாரத்தில் முதல்முறையாகப் பசித்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு நான் வரணும், சிஸ்டர்?" என்றார்.