ஆவணிக்குள் கழற்ற வேண்டிய கம்பி

“ஏட்டி, மறுபடியும் கடலைமிட்டாயக் கடிச்சியா?”

பல் டாக்டர் கிருஷ்ணவேணி கேட்டதும் சொர்ணத்தாய் இல்லையென்று தலையாட்டினாள். கடைவாய்ப் பல்லில் ஒட்டியிருந்த வளையம் பெயர்ந்து, கம்பி நுனி கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருந்தது. இப்படி ஆவது இது முதல் தடவையல்ல.

“பொய் சொல்லுதா. கல்லக் குடுத்தாலும் கடிப்பா” என்று தாய் பெருமாயி மகளின் தொடையில் கிள்ளினாள். “ஊரே கோணவாய்ச்சின்னு கூப்பிடுது. பெறகும் புத்தி வரலியே!”

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. கம்பி கட்டுமுன் மேல்வரிசைப் பற்கள் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வாயை மூடினால் கீழ்ப்பற்கள் முந்திக்கொண்டு வந்து நின்றன.

பள்ளிக்கூட முகாமில் அவளைப் பார்த்த அன்றே, இந்தப் பிள்ளையை வாய்விட்டுச் சிரிக்க வைக்கிறேன் என்று செண்பகவல்லி அம்மன் சந்நிதியில் வேண்டிக்கொண்டவர் டாக்டர். வைத்தியம் இலவசம். இடம் உண்டாக்க இரண்டு பல்லைப் பிடுங்கிய அன்று, அவள் அழுகை ஓயும்வரை தோளில் சாய்த்து வைத்திருந்தார்.

பெருமாயி ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். புதூர் பஸ்ஸில் இவர்களை ஒவ்வொரு தடவையும் கூட்டிவருவது அவர்தான். மாடிக்கு மட்டும் வரமாட்டார்.

“அவிய கேட்டுட்டு வரச் சொன்னாவ. ஆவணிக்குள்ள கம்பியக் கழத்திரலாமாம்மா?”

பெயரைச் சொல்லாத அந்த மரியாதையைக் கேட்டு டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. “உங்க மக ஒடைக்காம இருந்தா கழத்திரலாம். அவியட்ட தைரியமாச் சொல்லுங்க.”

புது வளையத்தை ஏற்றி, நல்ல சிமெண்டு வைத்து, கம்பியை முறுக்கி நுனியை உள்ளே மடித்தார்.

“இனிமே குறடு வச்சு இழுத்தாலும் வராது.”

நாற்காலியில் மல்லாந்திருந்த சொர்ணத்தாயின் கண்ணீர் காதுக்குள் இறங்கியது. பெருமாயி அதைக் கவனிக்கவில்லை. டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, நல்ல சேதியைச் சொல்லப் படியிறங்கி ஓடினாள்.

“வலிக்குதாட்டி?”

“இல்ல.”

“பெறகு எதுக்கு அழுத? கீழ பாரு, உங்கய்யாவ. பெத்த மகளுக்காகச் சோலியப் போட்டுட்டு வந்து வெயில்ல காயுதாரு. அவருக்காகவாவது இனி ஒடைக்காம இருப்பியா?”

டாக்டர் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். சொர்ணத்தாய் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. புதுக் கம்பியில் நாக்கு இடற, மெதுவாகச் சொன்னாள்:

“அவிய எங்கய்யா இல்ல, டாக்டரம்மா... பல்லு நேரானதும் என்னியக் கட்டிக்கிடப் போறவிய.”