ரிவர்ஸ் போடும்போது வரும் சத்தம்

பதினேழாம் நம்பர் ஸ்பானரைப் போட்டு முழு பலத்தையும் காட்டியும் அந்த போல்ட் அசைந்து கொடுக்கவில்லை.

சின்னவன் காருக்கடியில் மல்லாந்து கிடந்தான். கண்ணில் துரு விழுந்தது, காதுக்குள் எண்ணெய் வடிந்தது. வாயில் வந்த வார்த்தைகளை, அம்மா உள்ளே இருக்கிறாள் என்பதால் விழுங்கிக்கொண்டான்.

காரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் போடுவதும் டயரில் காற்றடிப்பதும்தான். கியர்பாக்ஸைத் தாங்கிப் பிடிக்க அடியில் ஒரு ரப்பர் கட்டை உண்டு, அதற்கு மவுண்டிங் என்று பெயர் என்பதே போன வாரம்தான் தெரியும். ஆனால் அது நைந்துபோனால் ரிவர்ஸ் போடும்போது தொம்மென்று இடிக்குமே, அந்தச் சத்தத்தை நாலு மாதமாகத் தினமும் கேட்கிறான்.

கார் அண்ணனுடையது. பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம் என்று அண்ணன் ஒரு வருஷம் தள்ளிப்போட்ட வேலை இது.

அதற்குள் ஒரு சாயங்காலம், ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டு எதிர்க்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கக் குறுக்கே போனவனை லாரி அடித்துவிட்டது. காரில் ஒரு கீறல்கூட இல்லை.

வெளியூரில் வேலை பார்த்த சின்னவன், அம்மா தனியாக இருக்க வேண்டாம் என்று மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தான். காரும் அவன் கைக்கு வந்தது.

முதல் நாளே அது நடந்தது. ஆபீஸ் முடிந்து வந்து, ஷெட்டுக்குள் விட ரிவர்ஸ் போட்டான். தொம்.

அடுத்த நொடி வாசல் கதவு திறந்தது. அம்மா வந்து நின்றாள். அவனைப் பார்த்தாள். தோள் இரண்டும் அப்படியே தொய்ந்தன. உள்ளே திரும்பிவிட்டாள்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

பெரியவன் வந்துவிட்டான் என்று ஓடி வருகிறாள், வந்து பார்த்தால் நான் நிற்கிறேன். அவனுக்கு அப்படித்தான் பட்டது.

தினமும் சாயங்காலம் பெற்ற தாய்க்கு முன்னால் தப்பான பிள்ளையாகப் போய் நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை. வீட்டுக்கு வரவே மனசில்லாமல் சில நாள் தெருமுனையிலேயே காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அரை மணி நேர வேலைதான். ஆனால் மெக்கானிக் அண்ணனுடைய கூட்டாளி. இத்தனை நாள் இல்லாத அவசரம் இப்போது என்ன என்று கேட்பான். எங்கம்மா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? மவுண்டிங் மாற்றும் வீடியோ ஒன்றைப் பத்துத் தடவை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகத் தானே அடியில் புகுந்துவிட்டான்.

கியர்பாக்ஸுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கியிருந்தான். நாலாவது தடவை எண்ணெய் விட்ட பிறகு போல்ட் கிரீச்சென்று மனம் இறங்கியது. பழைய ரப்பர் இரண்டாகப் பிளந்து கையோடு வந்தது.

புதியது உட்கார மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணியது. துளைக்கு நேராகத் துளை வர வேண்டும். ஜாக்கியை ஒரு நூல் ஏற்றி, ஒரு நூல் இறக்கி, மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து, ஐந்தரை மணிக்கு ஒருவழியாக முடித்தான்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று ஜன்னல் வழியாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

திரும்பி வந்து ரிவர்ஸ் போட்டான். கார் பூனை மாதிரி ஷெட்டுக்குள் போனது.

வாசல் கதவு திறக்கவில்லை.

ஜெயித்துவிட்டான். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அன்று வராத அழுகையை எல்லாம் அழுதான். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். அவசரமே படவில்லை. வெளியே இருட்டிவிட்டது.

பின்கதவு வழியாக வீட்டுக்குள் வந்தபோது, அவனுடைய ஃபோன் அவன் அறை மேஜையில் அடித்துக்கொண்டிருந்தது.

அடுப்பங்கரையில் விளக்குப் போடவில்லை. ஷெட்டை ஒட்டிய சுவரில் காதை வைத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். கையில் அவளுடைய ஃபோன். அவன் ஃபோனை எடுத்துப் போகவில்லை, உள்ளேதான் அடிக்கிறது என்று அவளுக்கும் தெரியாமலில்லை. ஆனாலும் மணி நின்றதும் மறுபடி போட்டாள்.

நாலு எட்டு வைத்து வாசல் கதவைத் திறந்திருந்தால், கார் நிற்பது தெரிந்திருக்கும். திறந்து பார்க்கத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அவன் விளக்கைப் போட்டான். திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை அவன் இதுவரை பார்த்ததில்லை. பிறகு தோள் இரண்டும் மெல்லத் தொய்ந்தன.

"அன்னைக்கும் இப்படித்தான்டா. ஏழாச்சு, எட்டாச்சு... சத்தமே வரல."

சின்னவன் அடுப்பங்கரை நிலையிலேயே நின்றான். நாலு மாதமாக அவள் யாரைப் பார்க்க ஓடி வந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

வந்துட்டேம்மா என்று ஒரு வார்த்தை. ஒரு நாள்கூட அவன் அதைச் சொன்னதில்லை.