கிளி மெல்லச் சொன்னது

தோப்புக்குச் சேதி சொல்வது கிளியின் வேலை. தினமும் காலையில் ஆலமரத்தின் உச்சியில் உட்கார்ந்து பாடும். "ஒரு வாய் கள் குடித்தது சிங்கம்! பத்து ஓநாயைப் பந்தாடியது சிங்கம்!" பாட்டு முடிந்ததும் இறக்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "கள் உடம்புக்குக் கேடு" என்று முணுமுணுக்கும்.

குட்டி அணில் ஒரு நாள்கூடப் பாட்டை விடாது. அதைப் பார்த்துத் தாய் அணில் கிளியிடம் போனது.

"ஏம்மா கிளி, அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லக் கூடாதா? என் பிள்ளைக்கு இன்னும் மீசையே சரியா முளைக்கலை."

"சத்தமாச் சொன்னா என் பாட்டை யாரு கேப்பாங்க அக்கா? நான் சொல்லாமயா விட்டேன்?"

மறுநாள் குட்டி பனையேறி, கள்ளுக் கலயத்தில் ஒரு வாய் குடித்தது. இறங்கி வந்து பூனையின் முன்னால் நின்று கர்ஜித்தது. பூனைக்குக் கீச்சென்றுதான் கேட்டது. தாய் பாய்ந்து பிள்ளையை இழுப்பதற்குள் பாதி வால் போய்விட்டது.

கிளி பறந்து வந்தது. "அக்கா, இப்ப உங்க மனசு எப்படி இருக்கு?"

"தூரப் போடி!"

கிளி ஆலமர உச்சிக்குப் போனது. "ஒரு வாய் குடித்தது அணில்! பூனையையே எதிர்த்து நின்றது அணில்!" என்று தொண்டை கிழியப் பாடியது. பிறகு இறக்கைக்குள் ஏதோ முணுமுணுத்தது.

பிள்ளையின் காயத்தை நக்கிக்கொண்டிருந்த தாய் அணில் நிமிர்ந்து பார்த்தது. பக்கத்து மரத்துக் குட்டிகளின் நாலு முழு வால்கள் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்தன.