கலினின் பாம்பறை

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கலினின் செல்போன் மறுபடியும் கத்தியது. திரையைப் பார்த்தவன் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

“கிழவர் கொல்லப் பாக்கறார்டா.”

“யாரை?” என்றான் கூட வேலை பார்க்கும் மெக்கானிக்.

“என் பொண்ணுங்களை!”

கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். டான்யூப் நதி கரையோரம் உறைந்து கிடந்த குளிர். ரூசே நகரத் தெருக்களில் வழுக்கி வழுக்கி வண்டியை ஓட்டினான்.

பொண்ணுங்கள் என்று அவன் சொன்னது பாம்புகளை. வீட்டின் உள்ளறையில் ஒன்பது கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனி வெப்பத் தகடு, தனி தெர்மோஸ்டாட், சூடு குறைந்தால் கலினின் செல்போனை அலறவைக்கும் தனி சென்சார். அறை குளிர்ந்துபோனால் ஒன்பதும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கும். பழைய வீட்டு வயரிங் தாங்காது. டிசம்பரில் ஒரு பிளக் கருகி, தீப்பிடிக்காமல் தப்பியதே பெரிய விஷயம். அன்றைக்கே புது வயர் இழுத்தான், எல்லாவற்றையும் தனித்தனி பிளக்கில் மாட்டினான், மனைவி ரலிட்சாவின் துணி உலர்த்தும் மெஷின், மாமனார் அறை ஹீட்டர் என்று கரண்டைத் தின்னும் மற்றதையெல்லாம் கொட்டகைக்கு அனுப்பினான்.

அப்புறம் தொல்லை இல்லை, இந்த வாரம் வரை. இப்போது அவனும் ரலிட்சாவும் வேலைக்குக் கிளம்பிய பிறகு யாரோ பாம்பறைக் கதவைத் திறந்து போடுகிறார்கள். பகலில் வீட்டில் இருப்பது மாமனார் ஸ்தோய்கோ மட்டும். மனைவி இறந்த பிறகு மகளோடு வந்து தங்கியிருப்பவர். வந்த அன்றே பெட்டிகளைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டவர், “இதுகளை உரிச்சா எத்தனை பெல்ட் வரும் மாப்பிள்ளே?” என்று கேட்டவர்.

கலின் பூனை மாதிரி வீட்டுக்குள் நுழைந்தான். பாம்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. சினையாக இருந்த போவா பாம்பின் பெட்டிக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் ஸ்தோய்கோ உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன, இரண்டு கைகளும் கண்ணாடிமேல்.

“பெட்டியைத் திறக்கப் பாத்தீங்களா?”

அவர் பதறி எழுந்தார். வாளி உருண்டது. “இல்ல மாப்பிள்ளே. சும்மா உட்காந்திருந்தேன்.”

“சும்மாவா? பாம்புன்னாலே சிலுவை போடறவர், இதுங்க முன்னாடி தவம் பண்றீங்களோ? கதவையாவது சாத்தித் தொலைக்கக் கூடாதா?”

“சாத்திட்டு உள்ளே இருக்கப் பயமா இருந்துச்சு.”

“பயப்படறவருக்கு இங்கே என்ன வேலை?”

ஸ்தோய்கோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். முகம் சிவந்தது. தரையைப் பார்த்து, “தப்புதான்” என்று மட்டும் சொன்னார்.

ராத்திரி சாப்பாட்டு மேசையில் ரலிட்சா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பீன்ஸ் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றியபடியே சொன்னாள்: “அந்தப் போவா செத்துப்போனா என்ன பண்ணுவீங்கப்பா? வயித்துல குட்டிங்க இருக்கு. உங்களுக்குப் பிடிக்கலேன்னா இப்படியா பண்றது? அவர் முன்னாடி தலைகாட்ட முடியல எனக்கு.”

ஸ்தோய்கோ கரண்டியைக் கீழே வைத்தார். “இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன்மா” என்று சொல்லிவிட்டு, சூப்பில் பாதியை அப்படியே விட்டுத் தன் அறைக்குப் போனார்.

மறுநாள் பாம்பறைக் கதவில் பூட்டு தொங்கியது. அதோடு கலினின் செல்போன் வாயை மூடிக்கொண்டது. ஸ்தோய்கோவும் அறையை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்; காலைக் காப்பிக்குக் கூடக் கூப்பிட வேண்டியிருந்தது.

“ரோஷம்” என்றாள் ரலிட்சா. “தானா சரியாயிடுவார்.”

சனிக்கிழமை காலை போவாவைப் பரிசோதிக்கக் கால்நடை மருத்துவர் வெசெலா வந்தார். அறைக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றினார், ஸ்வெட்டரையும் கழற்றினார். போவாவின் வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தார்.

“நல்லா இருக்கா. இவ்வளவு ஒழுங்கா வெச்சிருக்கற அறையை நான் பார்த்ததே இல்ல, கலின்.”

கலினுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “ஒவ்வொருத்திக்கும் தனித்தனியா கவனிப்பு, டாக்டர். யாருக்காவது அரை டிகிரி குறைஞ்சாலும், நான் எங்கே இருந்தாலும் தெரிஞ்சிடும்.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்தோய்கோ நின்றிருந்தார். ஒரு கையில் கண்ணாடித் தம்ளர். இன்னொரு கை வாயைப் பொத்தியிருந்தது. அந்நிய ஆளைப் பார்த்ததும் அவருக்குக் காது வரைக்கும் சிவந்துபோனது.

“அப்பா, டாக்டர் இருக்கறப்போ...” என்று ரலிட்சா கூசிப்போய் முன்னால் வந்தாள்.

“மறுபடியும் என்ன மாமா?” என்றான் கலின்.

ஸ்தோய்கோ மூன்று பேரையும் பார்த்தார். திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு வாயிலிருந்து கையை எடுத்தார். உள்ளே பல் இல்லை. தம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். தண்ணீர் கொட்டவில்லை. அதன் நடுவில் அவருடைய பல்செட் அசையாமல் இருந்தது.

“என் ரூம்ல இது உறைஞ்சுபோச்சு மாப்பிள்ளே. உருகற வரைக்கும் நானும் இங்கே கொஞ்சம் குளிர்காய்ஞ்சுக்கட்டுமா?”