மாற்று ஆள்

மதியத் தூக்க நேரம். காப்பகத்தின் பின்னறையில் இருபது குழந்தைகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஆய்வுக்கு வந்த பெண் அதிகாரி எட்டிப் பார்த்தபோது ஒரே ஒரு டீச்சர்தான் நடுவில் உட்கார்ந்து தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“பத்துப் பிள்ளைக்கு ஒருத்தர்னு விதி இருக்கே. இன்னொருத்தர் எங்கே?”

“கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம் மேடம். லீவு கேட்டா மாற்று ஆள் வரட்டும்கறாங்க. பிள்ளைங்களை ஒருத்தர் கையில ஒப்படைக்காம அறையை விட்டுப் போகக் கூடாதே. நெஞ்சு வலின்னு சொன்ன அன்னிக்கும் இதே பதில்தான்.”

அதிகாரி கடுகடுவென்று நிர்வாகியின் அறைக்கு வந்தாள். “ஒரே ஆளை வச்சா இத்தனை பிள்ளைங்களைப் பார்க்கறீங்க?”

நிர்வாகி விழித்தார். “ஒரு ஆளா? இருந்த ஒரே டீச்சரும் போன மாசமே நெஞ்சு வலில அந்த அறையிலேயே போய்ச் சேர்ந்துட்டாங்க மேடம். வேற ஆள் போடலாம்னுதான் இருந்தேன். ஆனா பிள்ளைங்க தானாத் தூங்குதுங்க. ஒரு சத்தம் கிடையாது. நீங்களே பாருங்க.”

கேமராத் திரையை அவள் பக்கம் திருப்பினார். அதில் டீச்சர் இல்லை. ஓரத்தில் படுத்திருந்த குழந்தையின் விலகிய போர்வை மட்டும் மெல்ல மேலேறிக் கழுத்துவரை மூடியது.

“இதுக்குப் போய் தண்டமா ஒரு ஆள் எதுக்கு, சொல்லுங்க.”

அதிகாரி பின்னறைக்குத் திரும்பிப் போய்க் குழந்தைகளின் நடுவே உட்கார்ந்தாள்.

“நான் பார்த்துக்கறேன். நீங்க கிளம்புங்கம்மா.”

கதவு தானாகத் திறந்து, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அடுத்த நொடி இருபது குழந்தைகளும் ஒன்றாக வீறிட்டு அழுதன.

நிர்வாகி பதறியடித்து ஓடி வந்தார். அதிகாரி ஒரு குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

“மாற்று ஆள் வர்ற வரைக்கும் நீங்க இந்த அறையை விட்டுப் போகக் கூடாது சார்.”