ஒரு கிலோ ஏறட்டும்

அண்ணன் தம்பியின் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்து, கேக்கை அவன் வாயில் திணித்தான்.

தம்பி பல்லை இறுக்கிக்கொண்டான்.

அண்ணன் இன்னொரு கையால் அவன் மூக்கைப் பொத்தினான். மூச்சு விடாமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும்? வாய் திறந்ததுதான் தாமதம், கை நிறைய கேக் தொண்டை வரை போனது.

வெண்ணெய் இல்லை, மார்கரின். சோடாவும் ஒரு சிட்டிகை கூட. உயிர் போகிற நேரத்திலும் பேக்கரிக்காரனின் நாக்கு குறை கண்டுபிடித்தது.

"முழுங்குடா!"

துப்பினான். கிரீமும் எச்சிலும் அண்ணனின் சட்டையில் தெறித்தன. பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

விடுமுறைக்கு வந்த நாளிலிருந்தே இந்த இழுபறிதான். கடற்கரை விடுதி, மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்து. ஏற்பாடு அண்ணனுடையது. பஸ் ஓட்டுகிறவன், தன் கல்யாணத்துக்கே லீவு கேட்கத் தயங்கியவன், இந்தத் தடவை தானே வலியப் போய் அறை பிடித்திருந்தான்.

தம்பி ஒரு வருஷமாக வாயைக் கட்டியிருந்தான். விடிந்ததிலிருந்து அடைக்கும் வரை வெண்ணெய் வாசனையில் நின்றுகொண்டே பதினெட்டு கிலோ இறக்கியிருந்தான். பழைய பேன்ட் எதுவும் இடுப்பில் நிற்கவில்லை. அப்படியும் டாக்டர் சொன்ன எடைக்கு ஒரு கிலோதான் கீழே. ஊர் திரும்பியதும் திங்கட்கிழமை மறுபடி தராசில் ஏற்றுவார்கள். அதற்குள் ஏறிவிடக் கூடாது.

அதனால் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளரியும் அவித்த முட்டையும் மட்டும் எடுப்பான். அண்ணன் பின்னாலேயே வந்து, பொரித்த உருளைக்கிழங்கை அவன் தட்டில் கொட்டுவான். "லீவுல வந்தும் ஆடு மாதிரி தழை மேயுது பாரு" என்று பக்கத்து மேஜைக்கும் கேட்கிற மாதிரி சொல்வான். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். நேற்று தம்பி தட்டைத் தரையில் வீசிவிட்டு எழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

இன்று தம்பியின் மனைவி தன் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கடலில் குளிக்கப் போன நேரம் பார்த்து, முழுக் கேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அண்ணன் அறைக்குள் நுழைந்தான். கதவைக் காலால் சாத்தினான். நேரே கழுத்தைப் பிடித்துக் கீழே சாய்த்தான்.

இப்போது இரண்டாவது பிடி கேக் வந்தது.

தம்பி கடித்தான். அண்ணனின் விரல்கள் பல்லுக்கிடையில் சிக்கின. அலறிக்கொண்டே அண்ணன் மறுகையால் மேஜை விளக்கை எடுத்து ஓங்கினான். குறி தப்பியது. தலைக்குப் பக்கத்தில் தரையில் மோதி விளக்கு தூள்தூளானது.

ஒரு தள்ளு தள்ளியிருந்தால் எப்போதோ விழுந்திருப்பான். முகமும் காலும் ஊதியிருந்தனவே தவிர அண்ணனிடம் பலமில்லை. இதற்கே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அதனால்தான் தம்பி இதுவரை கையை ஓங்காமல் இருந்தான்.

கண்ணாடி நொறுங்கிய சத்தத்தில் அந்தப் பொறுமை போனது. முழங்கையை வீசினான்.

அது அண்ணனின் மூக்கில் இறங்கியது.

ரத்தம் கொட்டியது. சட்டையில், கிரீமில், படுக்கை விரிப்பில். நிற்கவேயில்லை.

"ஐயோ, அண்ணா!" என்று தம்பி பதறி எழுந்து உட்கார்ந்தான்.

அண்ணன் அந்த ரத்தக் கையாலேயே தரையில் கிடந்த கேக்கை வழித்து, திறந்த அந்த வாயில் அப்பினான்.

சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து அண்ணி ஓடி வந்தாள்.

ரத்தம் ஒழுக உட்கார்ந்திருந்த புருஷனைத் தாண்டிப் போனாள். கொழுந்தனின் தாடையைப் பிடித்தாள். வாய்க்குள் விரலை விட்டுக் கேக்கை வழித்து வழித்து வெளியே போட்டாள். உடைந்த கண்ணாடி காலில் ஏறியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"எவ்வளவு உள்ள போச்சு தம்பி? துப்புங்க, எல்லாத்தையும் துப்புங்க."

பிறகுதான் புருஷன் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன்மேல் அவள் கை வைத்ததில்லை. ஓங்கி அறைந்தாள். உள்ளங்கை சிவப்பாகத் திரும்பி வந்தது.

"நீங்க போயிட்டா நான் என்ன பண்றது? அதை யோசிச்சீங்களா?"

அண்ணன் உடைந்து அழுதான். ரத்தமும் கண்ணீரும் கலந்து வாய்க்குள் போக, குழறிக் குழறிச் சொன்னான்.

"நான் வேணாம்னா நீங்க ரெண்டு பேரும் கேக்கவா போறீங்க? குண்டா இருக்கான்னு டாக்டரே இவனைத் திருப்பி அனுப்பட்டும்டி. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்கள வச்சிருக்கான். ரெண்டு கிட்னியும் அவங்கிட்டயே இருக்கட்டும்."

கீழே கடலில் பெண்கள் இருவரும் கூச்சலிட்டு விளையாடுவது கேட்டது.

தம்பி ஒரு துண்டை நனைத்து வந்து அண்ணனின் மூக்கை அழுத்திப் பிடித்தான். ரத்தம் நிற்க வெகுநேரம் ஆனது. நின்றதும் வாயைக் கொப்பளித்தான். சட்டையை மாற்றினான். ஷூவை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போனான்.

அண்ணன் தரையில் ஊர்ந்து வந்து அவன் காலை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டான்.

"விடுண்ணா. நடக்கணும்."

விடவில்லை.

தம்பி குனிந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தான்.