பவர் கிங் சொன்ன வைத்தியம்

"இந்த மடையன் மட்டும் என் கையில கிடைச்சான்னா, ஈயத்தை உருக்கி வாயை ஒட்டிருவேன்!"

ரூபினி கைப்பேசியைக் கட்டிலில் வீசினாள். தேயிலை மலையிலிருந்து வந்து, கதவருகே பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த இராசம்மா நிமிரவே இல்லை. மகளின் கத்தல் அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

"யாருடி? அந்த கிங்கா?"

"அவனேதான்மா. பவர் கிங்! பேரைப் பாரு."

ரூபினி எலக்ட்ரானிக்ஸ் பட்டம் வாங்கி இரண்டு வருடம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள். இரண்டு வருடத்தையும், எலக்ட்ரானிக்ஸ் பைத்தியங்களின் டெலிகிராம் குழுவில் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா பதில் சொல்லியே கழித்துவிட்டாள். கருகிய போர்டைக் காட்டினால் காரணம் சொல்வாள். படம் வரைந்து, அம்புக்குறி போட்டு விளக்குவாள். பதிலுக்குக் கிடைத்ததெல்லாம் கைகூப்பும் பொம்மைகள்.

போன வாரம் குழுவில் அறிவித்தாள்: இனி ஒரு கோளாறுக்கு ஐம்பது வெள்ளி, அதாவது ஐம்பது ரிங்கிட். "சேவைக்கு விலையா, தங்கச்சி?" என்று நாற்பது பேர் வருத்தப்பட்டார்கள். அந்த நாற்பது பேரில் ஒருவர்கூடத் தன் முதலாளிக்குச் சேவையாக வேலை பார்ப்பவர் இல்லை.

இராசம்மாவும் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரே ஒருவராவது காசு கொடுத்தால் மகள் இதையே தொழிலாகச் செய்யலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல், தோட்டத்து டீக்கடையில் சுற்றுலாக்காரர்களுக்குக் கேக் வெட்டிக் கொடுக்கும் வேலை. தோட்டக் கணக்கரான கிராணியிடம் சொல்லி வைத்தாயிற்று.

இன்று வெள்ளிக்கிழமை.

காசு கொடுக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். பக்கத்து ஊரான கியா பார்மில் ஸ்ட்ராபெரி போடும் குணாளன். மண் காய்ந்தால் தானாகத் தண்ணீர் விடும் கருவி ஒன்றைத் தானே செய்து வைத்திருந்தார். அதில் இந்த வாரம் இரண்டு முறை கோளாறு. இரண்டு முறையும் ரூபினியிடம் தனியாக விலை கேட்டார். கேட்டுவிட்டு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன், தங்கச்சி" என்றார்.

அவர் வீட்டில் கேட்டு முடிப்பதற்குள், பவர் கிங் குழுவில் ஒரு கோமாளிப் பதிலைப் போட்டுவிடுவான். ஃப்யூஸ் போனால் மிட்டாய்த் தாளைச் சுற்றி வை என்பான். ரூபினிக்குப் பொறுக்காது. சரியான பதிலைப் படத்தோடு அங்கேயே எழுதிவிடுவாள். அதோடு ஐம்பது வெள்ளியும் போய்விடும்.

"இன்னிக்கு என்னாவாம்?" என்றாள் இராசம்மா.

"குணாளன் அண்ணே கேள்வி போட்டாரு. 'பம்ப் ஓட ஆரம்பிச்சா மெஷின் ஆஃப் ஆயி ஆயி வருது'ன்னு. அவ்வளவுதான், ஒரு போட்டோகூடப் போடல. என்கிட்ட விலை கேட்டாரு, அம்பதுன்னேன், வீட்ல கேக்கப் போயிட்டாரு. அஞ்சு நிமிசத்துல கிங் வந்துட்டான்."

"என்னா சொல்றான்?"

ரூபினி கைப்பேசியை எடுத்து வாசித்தாள். "'ஈஸி லா, நண்பா. ரெண்டாவது பம்ப்புக்குப் பக்கத்துல இருக்கற டையோடைப் பிடுங்கிப் போடு. அதுதான் கரண்டை எல்லாம் தின்னுது.' தின்னுதாம்மா! கரண்டு என்னா நாசி லெமாக் சோறா?"

"தின்னாதா?"

"மா! அதைப் பிடுங்குனா போர்டே செத்துப்போயிரும்."

"சாவட்டும். நீ வாயை மூடிக்கிட்டு இரு. செத்தா உன்கிட்டதானே தூக்கிட்டு வரணும்?"

ரூபினி கிங்கின் செய்தியை இன்னொரு முறை படித்தாள். ரெண்டாவது பம்ப் ஒன்று இருப்பதாகக் குணாளன் குழுவில் சொல்லவே இல்லையே. எழுந்து போய்த் தேநீர் போட்டாள். குடித்து முடித்த பிறகுதான் கைப்பேசியைத் தொட்டாள். இந்த முறை படம் வரையவில்லை. இரண்டே வரி.

"டையோடைத் தொடாதீங்க. ரிலே சுவிட்சுல பம்ப் வயரைக் கழட்டி, காலியா இருக்கற அடுத்த ஓட்டையில மாட்டுங்க."

"அடிப்பாவி, மறுபடியும் ஃப்ரீயா சொல்லிட்டியா!" இராசம்மா தலையில் கைவைத்தாள். "போ, திங்கக்கிழமை கேக் வெட்டு. படிச்ச புள்ள, நல்லா சதுரமா வெட்டுவே."

ஒரு மணி நேரத்தில் லயத்துக்கு முன்னால் பழைய லேண்ட் ரோவர் ஒன்று வந்து நின்றது. குணாளன் இறங்கினார். வெளியே நல்ல வெயில். அவர் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் கருவி.

"தங்கச்சி! மண்ணு காஞ்சா பம்ப் நிக்குது, ஈரமானா ஓடுது! செடியெல்லாம் நீச்சல் அடிக்குது. மெயின் சுவிட்சை அடைச்சிட்டு ஓடியாறேன். என் பொண்டாட்டி டோரீன் என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டேங்கறா. நீ சொன்ன மாதிரிதானே செஞ்சேன்?"

"உங்களுக்கு நான் ஒண்ணுமே சொல்லலையே, அண்ணே. நீங்க இன்னும் வீட்ல கேட்டு முடிக்கல."

"அதில்ல... அந்த கிங் பயலுக்குக் குழுவுல பதில் எழுதினியே... அதைப் பாத்துத்தான்..."

"அவன் பேச்சைக் கேட்டிருந்தா உங்க போர்டு இந்நேரம் கரிக்கட்டை."

"ஆமா ஆமா. சுத்த மடையன் லா அவன்" என்றார் குணாளன், அவசரமாக.

ரூபினி கருவியை வாங்கி மேசையில் வைத்தாள். ஒரு வயரைப் பழைய இடத்துக்கே மாற்றினாள். பட்டாணி அளவு பாகம் ஒன்றைச் சேர்த்துப் பற்றவைத்தாள். ஆறே நிமிடம்.

"இனிமே ஆஃப் ஆவாது. அம்பது வெள்ளி."

குணாளன் மறுபேச்சில்லாமல் ஈர நோட்டை நீட்டினார். ரூபினி அதை வாங்கி அம்மாவின் மடியில் போட்டாள். இராசம்மா நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

ரூபினியின் கை மட்டும் இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"அதான் குடுத்துட்டேனே, தங்கச்சி?"

"நீங்க குடுத்துட்டீங்க. பவர் கிங் இன்னும் குடுக்கலையே, அண்ணே!"